முதலில் மீட்டரை வையுங்கள்: படகு மின்சாரம், வாசகர் கேள்வி – பதில்

கடிதங்கள் இந்த முறை அதிகம். காரணம் தெரிந்ததுதான். ஏப்ரல் 15-ல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. ஜூன் முதல் வாரத்திலிருந்தே தூத்துக்குடியில் என் கடை வாசல் ஆஸ்பத்திரி ஓ.பி. மாதிரி ஆகிவிடும். வரிசையில் மனிதர்களுக்குப் பதில் பேட்டரிகள். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: “புதுசு எவ்வளவு?” நான் விலை சொல்வதற்கு முன்னால் மீட்டரை எடுப்பேன். அதனால்தான் என் வியாபாரம் இப்படி இருக்கிறது என்று வீட்டில் பேச்சு. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

இரண்டு மாதம் கட்டிப்போட்ட படகில் வருடா வருடம் பேட்டரி செத்துவிடுகிறது. இத்தனைக்கும் காவலுக்கு இருக்கிற பையன் வாரம் ஒரு தடவை என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடுகிறான். போன வருடம் வாங்கிய 150 ஆம்பியர் பேட்டரி இரண்டும் இப்போது செல்ஃப் எடுக்கவில்லை. கம்பெனி சரியில்லையா?
– விசைப்படகு உரிமையாளர், அக்கரைப்பேட்டை

கம்பெனியை விடுங்கள், அண்ணாச்சி. உங்கள் கேபினில் பாட்டு கேட்க ஸ்டீரியோ இருக்கிறதா? கடிகாரம் காட்டுகிற ஸ்டீரியோ? அது மெயின் ஸ்விட்சைத் தாண்டி நேராக பேட்டரியில் மாட்டியிருக்கிறதா? போன வாரம் இங்கே ஒரு படகில் இதைத்தான் பார்த்தேன். மெயின் ஸ்விட்ச் ஆஃப். எல்லா லைட்டும் ஆஃப். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தால் 50 மில்லியாம்பியர் ஓடுகிறது. ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு, கொசுக்கடி. ஆனால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், 61 நாளைக்கு 73. உங்கள் 150 ஆம்பியர் ஹவரில் பாதியை அந்தக் கடிகாரமே தின்றுவிடும், யாரும் மணி பார்க்காத படகில்.

அது போக, பேட்டரி சும்மா கிடந்தாலும் தானாக இறங்கும். சூடு பத்து டிகிரி கூடினால் இந்த இறக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நாம் படகைக் கட்டுவதோ சித்திரை வெயிலில், மூடிய என்ஜின் ரூமில். முன்பு தடை 45 நாள்தான். தட்டுத் தடுமாறி தாங்கிய பேட்டரிகள் உண்டு. 2017-ல் அது 61 ஆனதிலிருந்து அந்தக் கூடுதல் பதினாறு நாளில்தான் பல பேட்டரிகள் விழுகின்றன. இறங்கிய நிலையில் கிடக்கிற பேட்டரியின் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். புதிதாகப் படிந்தது சார்ஜ் ஏற்றினால் கரையும், வாரக்கணக்கில் இறுகியது கரையாது. பேட்டரி சாவது இப்படித்தான்.

பையன் ஓடவிடுகிற பத்து நிமிடத்துக்கு வருவோம். ஒரு ஸ்டார்ட்டுக்கு 300 ஆம்பியர், ஐந்து விநாடி என்று வைத்துக்கொண்டாலும் செலவு அரை ஆம்பியர் ஹவருக்கும் குறைவுதான். அதை ஐடிலிங்கில் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. பேட்டரி எண்பது சதவீதம் வரை பசியோடு வாங்கும். மீதி இருபதை ஊட்ட நாலைந்து மணி நேரம் உட்கார வேண்டும், குழந்தைக்குக் கடைசி இரண்டு உருண்டை சோறு ஊட்டுகிற மாதிரி. பத்து நிமிட ஓட்டத்தில் டீசல் போகிறது, பையனுக்கு வேலை செய்த திருப்தி கிடைக்கிறது. அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. படகைக் கட்டிய அன்றே இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள். முடிந்தால் கரைக்குக் கொண்டுவந்து நிழலில் வையுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய காலத்துப் பெட்டிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையும் ஒன்று, பலகையும் ஒன்று. என் மாமனார் கடைசி வரை பலகைதான் போட்டார், நான் வாதாடவில்லை. மாதம் ஒரு முறை முழு சார்ஜ். 150-க்கு 15 ஆம்பியர், பத்தில் ஒரு பங்கு கணக்கு. நிறைந்ததும் தானே இறங்கிக்கொள்கிற சார்ஜராக இருக்கட்டும். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரை மாட்டிவிட்டு மறந்தால் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

இப்போது கையில் இருக்கிற இரண்டையும் உடனே தூக்கி எறியாதீர்கள். ஐந்து, ஆறு ஆம்பியரில் ஒரு முழு நாள் மெதுவாக ஏற்றுங்கள். ஒரு இரவு சும்மா விடுங்கள். காலையில் 12.6 நின்றால் உயிர் இருக்கிறது. ஆசிட்டின் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லையும் பாருங்கள். நம் ஊர் பேட்டரிக்கு 1.240, 1.250 பக்கம் வர வேண்டும். ஐந்து செல் அப்படி இருந்து ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்த பேட்டரி போய்விட்டது, எத்தனை சார்ஜ் போட்டாலும் வராது.

சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் பீடி வேண்டாம். கிளிப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் சார்ஜர் ஆஃபில் இருக்கட்டும். வெளியே வருவது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். என் இடது புருவம் பாதிதான் இருக்கும், நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளிப்பை அவசரமாக இழுத்ததில் போனது.

அலை அடித்து பேட்டரி பெட்டிக்குள் கடல் தண்ணீர் போய்விட்டது. துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?
– பாம்பன் வாசகர்

பெட்டியின் மேலே மட்டும் நனைந்திருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், போதும். மூடி திறந்து செல்லுக்குள்ளேயே போயிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். உப்புத் தண்ணீரும் பேட்டரி ஆசிட்டும் சேர்ந்து சார்ஜ் ஆகும்போது வருவது குளோரின். மூடிய என்ஜின் ரூமில் அது ஆளைக் கொல்லும். அந்த பேட்டரியைக் கழற்றிக் கரையேற்றிவிடுங்கள், அது முடிந்தது. மூச்சு முட்டுகிற வாடை வந்தால் முதலில் ஆட்களை மேலே ஏற்றுங்கள், பேட்டரி அப்புறம்.

ஐயா, கணவர் கடலுக்குப் போகிறார், வரவு செலவு நான் பார்க்கிறேன். ஒரு வருடத்தில் மூன்று பேட்டரி வாங்கிவிட்டோம். இப்போது மெக்கானிக் ‘டைனமோ போச்சு, 18,000 ஆகும்’ என்கிறார். அவர் சொல்வது சரியா என்று என்னால் எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? எங்கள் படகு 12 வோல்ட்.
– தருவைகுளம் வாசகி

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இதுதான், அம்மா. பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறீர்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். டி.சி. 20 வோல்ட் என்று இருக்கிற இடத்தில் திருகி வையுங்கள். சிவப்பு முள் பாசிட்டிவில், கறுப்பு முள் நெகட்டிவில். வயர் நுனியில் இருக்கிற உலோக லக்கில் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே குத்த வேண்டும். ஏன் என்று கடைசியில் புரியும்.

என்ஜின் நிறுத்தி ஒரு இரவு கழிந்த பிறகு ஒரு அளவு எடுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 11.9 என்றால் அநேகமாகக் காலி. அப்புறம் கணவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அடிக்கும்போதே பாருங்கள். பத்துக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது, ஒன்பதுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, இல்லையென்றால் சார்ஜ் இல்லை. மூன்றாவது அளவு, என்ஜின் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்து. 13.8-லிருந்து 14.4-க்குள் வர வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது அளவில் 13.2 வருகிறது என்று வையுங்கள். மெக்கானிக் இதைப் பார்த்துத்தான் டைனமோ போச்சு என்று சொல்லியிருப்பார். அவரைத் திட்ட வேண்டாம், பாதி பார்த்திருக்கிறார். இப்போது அதே ஓட்டத்தில் மீட்டரை ஆல்டர்னேட்டரின் (அவர் டைனமோ என்கிறது இதைத்தான்) பின்னால் இருக்கிற தடித்த போல்ட்டிலும் அதன் உடம்பிலும் வைக்கச் சொல்லுங்கள். ஓடுகிற பெல்ட் பக்கம் சேலை, துப்பட்டா போகக்கூடாது. இதை என்ஜின்காரரே செய்யட்டும், நீங்கள் மீட்டரை மட்டும் பாருங்கள். அங்கேயும் 13.2 என்றால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம், முதலில் பெல்ட் தளர்ச்சியைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். அங்கே 14.3 என்றால் டைனமோ பிழைத்துக்கொண்டது. அது கொடுப்பது பேட்டரிக்கு வந்து சேரவில்லை. நடுவில் 1.1 வோல்ட்டை யாரோ வழிப்பறி செய்கிறார்கள்.

போன தை மாதம் என் கடைக்கு வந்த படகில் இதே கதைதான். புது ஆல்டர்னேட்டர் வாங்கி அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்துவிட்டார்கள். பாசிட்டிவ் வயரைத் தொட்டுப் பார்த்தேன், ஆல்டர்னேட்டர் பக்கத்து லக் மட்டும் சுட்டது. மேலே பார்த்தால் பளிச்சென்று புது டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்து, ரப்பர் உறையைப் பிளேடால் ஒரு சாண் நீளத்துக்குக் கீறினேன். உள்ளே செம்பு நிறமே இல்லை. வெட்டின நுனியில் பச்சை, அதற்குப் பின்னால் கன்னங்கறேல் என்று கரி மாதிரி. விரலால் தேய்த்தால் இழை இழையாக உதிர்ந்தது. உப்புக் காற்று லக்கின் வாயில் நுழைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி உள்ளேயே ஏறிப் போயிருக்கிறது. இரண்டு சாண் வெட்டிப் பார்த்தேன், அங்கேயும் கறுப்பு. முழு வயரையும் மாற்றினோம். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், லக்கைக் கருவியால் அழுத்தி, பசை உள்ள ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கி. பேட்டரியில் 14.1 வந்தது. புது ஆல்டர்னேட்டர் பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது. கடைக்காரர் வாங்கிக்கொண்டாரா என்று கேட்காதீர்கள்.

சாதாரண வீட்டு வயர் விலை குறைவுதான். கடலில் அது எத்தனை நாளைக்கு என்பதுதான் கணக்கு. மூன்று பேட்டரி வாங்கின பில் உங்களிடம் இருக்கும், கூட்டிப் பாருங்கள்.

படகின் முன்பக்கம், அணியத்தில் புதிதாக மாட்டிய ஃபோகஸ் லைட் மங்கலாக எரிகிறது. பல்பு மாற்றியாகிவிட்டது.
– காசிமேடு வாசகர்

என்ஜின் ரூமிலிருந்து அணியம் வரை எட்டு மீட்டர், வயர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), லைட் 20 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறீர்கள். போக எட்டு, வர எட்டு, மொத்தம் பதினாறு மீட்டர். அந்த வயரிலேயே ஏறத்தாழ 2.2 வோல்ட் செத்துவிடும். பேட்டரியில் 12.6 இருந்தாலும் பல்புக்குப் போவது 10.4. மங்காமல் என்ன செய்யும்? 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு அரை வோல்ட் அளவுக்கு வந்துவிடும். அவ்வளவு தடி வயர் இழுக்க மனமில்லையென்றால், அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. வைத்தால் இழுக்கிற ஆம்பியர் பல மடங்கு குறையும், இருக்கிற வயரே போதும். எதுவானாலும் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. லைட் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

24 வோல்ட் படகு. இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கினோம். ஒன்றில் சார்ஜே நிற்பதில்லை. இன்னொன்றில் வாரா வாரம் தண்ணீர் வற்றுகிறது, முட்டை அழுகின வாடை வருகிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல். எப்படி இப்படி?
– படகு டிரைவர், கோட்டைப்பட்டினம்

தம்பி, உன் வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்ஸும் 12 வோல்ட்தானே? அதற்கு எங்கிருந்து கரண்ட் எடுத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: எர்த் பக்கத்து பேட்டரியின் இரண்டு கம்பத்திலிருந்து. சார்ஜ் நிற்காத பேட்டரி அதுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதை நானே செய்திருக்கிறேன். இருபத்திரண்டு வயது, தனியாக எடுத்த முதல் படகு வேலை. 24-ஐப் பார்த்து பயந்துகொண்டிருந்த வயர்லெஸ்ஸுக்கு ஒற்றை பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துக் கொடுத்தேன். கணீரென்று பேசியது. முதலாளி தோளில் தட்டினார். ஆறு மாதம் கழித்து அதே முதலாளி கடை வாசலில் வந்து கூப்பிட்ட பெயரை இங்கே அச்சிட முடியாது.

நடப்பது இதுதான். இரண்டு பேட்டரியும் வரிசையாகக் கட்டியிருப்பதால் ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டும். 28.2 ஆனதும் ‘நிறைந்துவிட்டது’ என்று நிறுத்திக்கொள்ளும். ஆனால் ஒன்றிலிருந்து மட்டும் ராத்திரி முழுக்க ஜி.பி.எஸ்., எக்கோ (ஆழமும் மீனும் காட்டுகிற கருவி), வயர்லெஸ் உறிஞ்சியிருக்கிறது. அது பசியில் 13.0-ல் நிற்க, சும்மா இருந்து நிறைந்த மற்றது 15.2-க்கு ஏறும். கூட்டினால் 28.2. கணக்கு சரி, குடும்பம் சரியில்லை. ஒன்று பட்டினியில் சல்பேட் பிடித்துச் சாகிறது, மற்றது அஜீரணத்தில் கொதித்துச் சாகிறது. அந்த முட்டை வாடை அஜீரண பேட்டரியிலிருந்து வருவது. அது நல்ல வாயு இல்லை, என்ஜின் ரூமைத் திறந்துவிட்டு வேலை பாருங்கள்.

என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார். நான் சொன்னது போல இரண்டு எண்ணும் விலகியிருந்தால் 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று வாங்கு. உன் கருவிகளுக்கு 15, 20 ஆம்பியர் உள்ளது தாராளம். இரண்டு பேட்டரியும் சேர்ந்து அதற்குக் கொடுக்கும். மலிவான கன்வெர்ட்டர் சிலது வயர்லெஸ்ஸில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் போடும். வாங்குவதற்கு முன்னால் மாட்டிப் பேசிப் பார்க்க விடுகிற கடையில் வாங்கு. இரண்டையும் சமமாக வைக்கிற பேட்டரி ஈக்வலைசர் என்றும் ஒன்று உண்டு, அதுவும் சரிதான்.

மாதம் ஒரு தடவை இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டையும் சமமாகக் கெடுப்பதற்கு நல்ல வழி. இன்னொன்று: ஒன்று செத்துவிட்டது என்று அதை மட்டும் புதிதாக வாங்கி, பழையதோடு கோக்காதே. புதுசு பழசு ஜோடியிலும் இதே சண்டைதான்.

ஜெனரேட்டர் வைத்து தண்ணீருக்குள் எல்.இ.டி. விட்டு மீன் கூட்ட எத்தனை கிலோவாட் வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்கே தெரிந்திருக்கிறது. வெளிச்சம் போட்டு மீன் பிடிக்க 2017-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. அதற்கு நான் வயர் இழுப்பதில்லை.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பையன் தெரியாமல் பேட்டரி மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டான். அன்றிலிருந்து சார்ஜ் லைட் அணைவதில்லை. சம்பந்தம் உண்டா?
– சின்னமுட்டம் வாசகர்

உண்டு. ஓடுகிற ஆல்டர்னேட்டருக்கு பேட்டரிதான் மெத்தை. மெத்தையைத் திடீரென்று உருவினால் வோல்டேஜ் ஒரு நொடியில் எங்கோ ஏறி, உள்ளே இருக்கிற டயோடைக் கொன்றுவிடும். சில சமயம் எக்கோவையும் சேர்த்து. ஆல்டர்னேட்டர் முழுசாக மாற்றத் தேவையில்லை, கழற்றி டயோடு பிளேட்டும் ரெகுலேட்டரும் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு முடியும். ஸ்விட்ச் பக்கத்தில் பெயின்ட்டால் பெரிதாக எழுதி வையுங்கள்: என்ஜின் நின்ற பிறகுதான் இதில் கை. பையனை அடிக்காதீர்கள். இதே தப்பைச் செய்யாத ஸ்ராங்கை (படகு ஓட்டுகிறவரை) நான் பார்த்ததில்லை.

ஃபைபர் படகு, 9.9 அவுட்போர்டு, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. ஜி.பி.எஸ்., எக்கோ, வயர்லெஸ், ஒரு லைட். காரில் போடுகிற 42 ஆம்பியர் பேட்டரியைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிவந்து சார்ஜ் போடுகிறேன். நாலு மாதத்தில் போய்விடுகிறது. விடியற்காலையில் வயர்லெஸ் கேட்கிறது, ஆனால் பேச மைக்கை அமுக்கினால் செட்டே அணைந்துவிடுகிறது. சோலார் வைக்கலாமா, லித்தியம் வாங்கலாமா?
– குளச்சல் வாசகர்

முதலில் அந்த வயர்லெஸ். கேட்கும்போது அது இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. 25 வாட்டில் பேசும்போது ஐந்து, ஆறு ஆம்பியர். இறங்கிப்போன பேட்டரி அரை ஆம்பியரைத் தாங்கும், ஆறு கேட்டதும் படுத்துவிடும். அதனால்தான் ஊர்ப் பேச்செல்லாம் காதில் விழுகிறது, உங்கள் குரல் மட்டும் வெளியே போகவில்லை. ஒக்கி புயல் அடித்த கடற்கரைக்காரர் நீங்கள், இதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள்: சாதாரணப் பேச்சுக்கு செட்டை ‘லோ’, அதாவது ஒரு வாட்டில் வையுங்கள். பக்கத்துப் படகுக்கு அது போதும். 25 வாட்டை சேனல் 16-ல் உதவி கேட்க வேண்டிய நேரத்துக்கு மிச்சம் பிடியுங்கள்.

இப்போது கணக்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஜி.பி.எஸ்ஸும் எக்கோவும் சேர்ந்து ஒரு ஆம்பியர் வீதம் 12. வயர்லெஸ் கேட்க 5, பேச 1. பத்து வாட் லைட் பத்து மணி நேரம் எரிந்தால் 8. மொத்தம் 26. உங்கள் 42-ல் அறுபது சதவீதத்துக்கு மேல் தினமும் இறக்குகிறீர்கள். கார் பேட்டரி அதற்குச் செய்ததில்லை. அதன் பிளேட் மெல்லிசு. ஒரு நொடி பலமாக உதைத்துவிட்டு ஓய்வெடுக்கிற ஜாதி. ராத்திரி முழுக்க மூட்டை சுமக்கச் சொன்னால் நாலு மாதம் தாங்கியதே பெரிது. இந்த வேலைக்குத் தடித்த பிளேட் உள்ள டீப் சைக்கிள் பேட்டரி, அறுபது எழுபது ஆம்பியரில். அலைவாய்க்கரையில் படகு தூக்கிப் போடும், அதனால் ஆசிட் சிந்தாத சீல் செய்த வகையாகப் பாருங்கள்.

சோலார் நல்ல யோசனைதான். நூறு வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 25, 30 ஆம்பியர் ஹவர் தரும், உங்கள் செலவுக்குச் சரியாக வருகிறது. ஆனால் படகில் எங்கே வைப்பீர்கள்? வலை இழுக்கிற இடம், மிதி, உப்பு. பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்த வரவும் படுத்துவிடும். நீங்கள் இரவில் போய்க் காலையில் வருகிறவர், பேட்டரியை எப்படியும் வீட்டுக்குத் தூக்குகிறீர்கள். அப்படியானால் பேனல் உங்கள் வீட்டு மாடியில் இருக்கட்டும், கன்ட்ரோலரோடு. சில அவுட்போர்டில் லைட்டிங் காயில் இருக்கும், அதிலிருந்து எடுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அதில் வருவது ஏ.சி. ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் இல்லாமல் பேட்டரியில் கொடுத்தால் பேட்டரி போகும்.

லித்தியம் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். உங்களைப் போலத் தூக்கிச் சுமக்கிறவருக்குத்தான் அது மிகவும் பொருந்தும். நூறு ஆம்பியர் ஈய பேட்டரி முப்பது கிலோ பக்கம் வரும். லித்தியம் பாஸ்பேட் அதில் பாதி கூட இல்லை. உங்களுக்கு ஐம்பது ஆம்பியரே போதும், ஒரு கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டு விஷயம் மட்டும். பழைய சார்ஜரை அதில் மாட்டக்கூடாது, அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். மாடியில் பேனல் வைத்தால் கன்ட்ரோலரிலும் லித்தியம் என்று மாற்றி வைக்க வேண்டும். அப்புறம், நான் இத்தனை நேரம் தலையில் தூக்கி வைத்த மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றும். ஈய பேட்டரி இறங்க இறங்க வோல்டேஜும் இறங்கிக் காட்டும். லித்தியம் முக்கால்வாசி காலியாகும் வரை 13 வோல்ட் சொச்சத்திலேயே சிரித்துக்கொண்டிருக்கும். லைட் மங்காது. திடீரென்று உள்ளே இருக்கிற காவல் சர்க்யூட் கதவை அடைத்துவிடும், எல்லாம் ஒரே நொடியில் இருட்டு. அதனால் உள்ளே போன ஆம்பியரையும் வெளியே போன ஆம்பியரையும் எண்ணிக் கணக்கு வைக்கிற மீட்டர் ஒன்று சேர்த்து வாங்குங்கள். வயர்லெஸ்ஸுக்கென்று ஏழு ஆம்பியர் சின்ன பேட்டரி ஒன்றைத் தனியாக, வேறு எதையும் மாட்டாமல், பெட்டிக்குள் வையுங்கள். அது ஒருநாளும் தேவைப்படாமல் வருடம் கழித்து மாற்றும்படி ஆகட்டும்.

சுக்கான் பக்கத்தில் அடித்த சிங்க் கட்டி இரண்டு வருடமாகத் தேயவே இல்லை. நல்ல தரமான கட்டி என்று நினைக்கிறேன். எந்தக் கடையில் வாங்கினேன் என்று மற்ற வாசகர்களுக்கும் சொல்லலாமா?
– பழவேற்காடு வாசகர்

சொல்ல வேண்டாம். சிங்க் தேய்வதற்காகவே அடிப்பது. அது கரைந்தால்தான் புரொப்பல்லரும் ஷாஃப்ட்டும் கரையாமல் இருக்கும். இரண்டு வருடம் கட்டி அப்படியே இருக்கிறது என்றால் ஒன்று அது உலோகத்தோடு தொடாமல் நிற்கிறது, இல்லை படகுக்குப் பெயின்ட் அடித்தவர் அதற்கும் சேர்த்து அடித்துவிட்டார். கட்டியை விட்டுவிட்டு, புரொப்பல்லர் இறக்கையின் ஓரத்தைப் பாருங்கள். ரோஜா நிறமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறதா? இரண்டு வருடம் தேய்ந்தது அங்கேதான்.